மாற்றிப் படித்த கடிதங்கள்

பெட்டி காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டது. வந்து என்ன? பெற்றவள் அடுப்படியை விட்டு எழுந்து வரவில்லை.

தாம்பரத்திலிருந்து புறப்பட்ட விமானப்படை லாரி செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் எல்லாம் தாண்டி ஒழுங்காக வந்து, சதுரங்கப்பட்டினம் ரோட்டிலிருந்து காலனிக்குத் திரும்புகிற முடுக்கில் மாட்டிக்கொண்டது. எட்டுப் பேர் இறங்கிப் பெட்டியைத் தோளில் சுமந்துவந்து, சாலமோன் வீட்டு வாசல் பந்தலுக்குக் கீழே, சர்ச்சிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த இரண்டு பெஞ்சுகளின் மேல் இறக்கினார்கள். மேலே தேசியக் கொடி. உள்ளே கார்ப்பரல் ஜோஷ்வா, வயது இருபத்தைந்து, சாலமோனின் மூத்த பிள்ளை. கார்கில் சண்டையில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிய விமானம் மேகத்துக்குள் வழி தெரியாமல் மலையில் மோதிவிட்டதாம். ஆறு பேர் போனார்கள். பனியில் தேடி எடுத்து அனுப்பப் பத்து நாள் ஆகியிருந்தது. பெட்டிக்கு சீல் வைத்திருந்தார்கள். திறக்கக் கூடாது என்று உத்தரவு. திறந்து பார்க்கிற நிலையிலும் இல்லை என்று கூட வந்த அதிகாரி பரணிதரன் சாலமோனின் காதோடு சொல்லிவிட்டார்.

அந்தக் காலனியில் ஒரு வழக்கம் உண்டு. செத்தது யாராக இருந்தாலும், பெற்றவள் உயிரோடு இருந்தால் அவள் வந்து கை வைத்து, 'எடுத்துகினு போங்க' என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் தூக்குவார்கள். கிறிஸ்தவ வேதத்துக்கு வருவதற்கு முன்னாலும் அதுதான் வழக்கம், வந்து மூன்று தலைமுறை ஆன பிறகும் அதுதான். பாஸ்டர்கள் மாறினார்கள், வழக்கம் மாறவில்லை.

"நாலு மணிக்குள்ள அடக்கம் பண்ணியாகணும்ங்க. மந்திரி வர்றார். அதுவுமில்லாம இந்த வெயில்ல..." என்று இழுத்தார் பரணிதரன். மதுரைப் பக்கத்து மனுஷன். நல்லவர்தான். ஆனாலும் யார் வீட்டுச் சாவுக்கு யார் வந்து நேரம் குறிப்பது!

"அவ சொல்லணும் சார்" என்றார் சாலமோன். அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் இருபது வருஷமாகத் தண்ணீர் மோட்டார் போடுகிறவர். அதிகம் பேசாத ஆள். பத்து நாளில் இன்னும் பேச்சு குறைந்துபோயிருந்தது. "அவ சொல்லாம தூக்க வுட மாட்டேன்."

அவளோ உள்ளே கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் அடுப்பு எரிகிறது! வாசலில் மகனின் பெட்டி, உள்ளே குழம்பு கொதிக்கிற வாசனை. வந்த சனமெல்லாம் மூக்கில் துணியை வைத்துக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தது.

"அது எம் புள்ள இல்ல" என்றாள் செங்கம்மாள், யார் போய்க் கூப்பிட்டாலும். குரலில் கோபம்கூட இல்லை. "எம் புள்ள ஏரோப்ளேன்ல ஏர்றவன் கெடையாது. ஸ்டோர்ல குந்திகினு அரிசி அளக்கறவன். ஏரோப்ளேன் வுழுந்தா அவனுக்கு இன்னா? எவளோ பெத்த புள்ளைய தப்பா என் வூட்டுக்கு எடுத்துகினு வந்துட்டாங்க. அவ வந்து அழட்டும். அவளுக்குத் தெரியாம நான் எப்படி எடுத்துகினு போங்கன்னு சொல்றது? பாவம் இல்லியா?"

அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். பாஸ்டர் ஜெபம் பண்ணினார். யாரோ எலுமிச்சம்பழம் கொண்டுவரச் சொன்னார்கள்.

புத்தியெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அது அந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும் தெரியும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜெனிஃபருக்கு. ஜோஷ்வாவின் தங்கை, இருபத்திரண்டு வயது, புதுப்பட்டினத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை. அம்மா சொல்வதில் ஒரு வார்த்தை பிசகில்லை. அவளுக்குத் தெரிந்தவரை மகன் ஸ்டோரில்தான் இருக்கிறான். அப்படி அவளுக்குப் படித்துக் காட்டியவளே ஜெனிஃபர்தான்.

செங்கம்மாளுக்கு எழுத்து தெரியாது. சாலமோனுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். உயரம் என்றால் செங்கம்மாளுக்குக் குலை நடுக்கம். கூடப் பிறந்த ஒரே தம்பி சென்னையில் ஏதோ ஆறு மாடிக் கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்து செத்தவன். அவனைக் கோணியில் கட்டிக் கொண்டுவந்ததைப் பார்த்தவள். ஆனால் பிள்ளை அப்படியா? நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எதையாவது பிடித்து ஏறுவான். பள்ளிக்கூட ஓட்டின் மேல், டவுன்ஷிப் தண்ணீர்த் தொட்டியின் மேல். ஒருமுறை மாமல்லபுரத்துக்குப் போய் லைட் ஹவுஸ் பாறையின் செங்குத்தான பக்கத்தில் ஏறி, இறங்கத் தெரியாமல் நின்று, கயிறு போட்டு இறக்கினார்கள். அன்றைக்கு வாங்கின அடியில் இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் கொய்யா மரத்தில் இருந்தான்.

தொண்ணூற்று மூன்றில் விமானப்படைக்கு ஆள் எடுத்தார்கள். முதல் தடவை எடை போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தடவைக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தாம்பரம் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டுப் போய்த் தேறினான். சேதி கேட்டதும் செங்கம்மாள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே சர்ச்சுக்குப் போனாள். பைபிள் மேல் கை வைக்கச் சொன்னாள். "ஏரோப்ளேன்ல ஏற மாட்டேன்னு சொல்லு. தரையில காலு கீற வேலையா பாத்துக்கறேன்னு சொல்லு" என்றாள். அவனும் சொன்னான். அப்போது அது பொய்யில்லை. ஸ்டோரில்தான் போட்டார்கள். மூன்று வருஷம் அரிசியும் பூட்ஸும் டயரும்தான் எண்ணினான்.

தொண்ணூற்றாறில் ஒரு கடிதம் வந்தது. வழக்கம்போல் சாயந்திரம் விளக்கு வைத்ததும் அப்பாவும் அம்மாவும் எதிரில் உட்கார, ஜெனிஃபர் பிரித்தாள். முதல் வரியிலேயே, 'ஜெனி, சத்தம் போட்டுப் படிக்காதே, முதலில் நீ படி' என்று இருந்தது. விமானத்தில் போகிறவர்களுக்கான பரீட்சை எழுதித் தேறிவிட்டானாம். போன வாரம் முதல்முறையாக மேலே போனானாம். 'கீழே மழை கொட்டிக்கொண்டிருந்தது ஜெனி. மேகத்தைத் தாண்டியதும் பளீர் என்று வெயில். அங்கே எப்போதும் வெயில்தானாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்கு ஸ்டோர் என்றே படி. உன் காலில் விழுகிறேன்.'

"இன்னாடி வாய்க்குள்ளவே படிக்கறே? உரக்கப் படி" என்றாள் அம்மா.

ஜெனிஃபருக்கு அப்போது பத்தொன்பது வயது. அண்ணன் கேட்டு எதையும் இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை. "ஸ்டோருக்குப் புதுசா ஒரு சர்தார் வந்திருக்காராம்" என்றாள். அந்த நிமிஷம் வாயில் வந்தது அதுதான்.

அங்கே தொடங்கியது வினை. மாதம் இரண்டு கடிதம் வரும். அண்ணன் எழுதுவதெல்லாம் விமானம், மேகம், காற்று. எழுதாமல் அவனால் இருக்க முடியவில்லை. சொல்வதற்கு அவனுக்கு வேறு யார் இருந்தார்கள்? ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் 'அம்மாவுக்கு எப்பவும்போல' என்று ஒரு வரி இருக்கும். ஜெனிஃபர் தாளைப் பார்த்துக்கொண்டே ஸ்டோரைப் படிப்பாள். சர்தாருக்கு குர்மீத் சிங் என்று பேர் வைத்தாள். ஒரு பூனையைக் கொடுத்தாள். பல்வலியைக் கொடுத்தாள். அம்மா அதற்கு உப்புத் தண்ணீர் வைத்தியம் சொல்லி எழுதச் சொன்னாள். அடுத்த கடிதத்தில் பல்வலி குறைந்தது. குழாயடியில் நின்று சர்தார் கதையைக் காலனி முழுக்கச் சொல்லிச் சிரித்தாள் செங்கம்மாள். லீவில் அண்ணன் வந்தால் முதல் வேலையாக அவனைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போய், "சர்தாருக்குப் பல்ல புடுங்கியாச்சு. பூனை குட்டி போட்டிருக்குது. மறந்து தொலைக்காத" என்று பாடம் நடத்துவாள் ஜெனிஃபர். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். "அடிப்பாவி, நான் போற ப்ளேனவிட நீ ஓட்றது ஒசரமா பறக்குது" என்பான்.

எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது. பத்து நாள் முன்னால் சதுரங்கப்பட்டினம் போலீஸ்காரர் சைக்கிளில் வந்து, ஜோஷ்வா போன விமானத்தைக் காணவில்லை என்று சொன்னபோதுகூட ஜெனிஃபர் வாயைத் திறக்கவில்லை. காணவில்லை என்றுதானே சொன்னார்கள்? கிடைத்துவிடுவான், எங்காவது பனியில் உட்கார்ந்திருப்பான், வந்து அவனே சொல்லிக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டாள். இப்போது வாசலில் பெட்டி கிடக்கிறது. அம்மா கை வைக்காவிட்டால் நாலு மணிக்கு எப்படியும் தூக்கிவிடுவார்கள். அதற்கப்புறம் அம்மா சாகிறவரை தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பன்னிரண்டு மணிக்குப் பரணிதரன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அடுப்படி வாசலில் குந்தினார்.

"அம்மா, நம்பர், பேரு, அடையாளம் எல்லாம் மூணு தடவ சரிபாத்தாச்சும்மா. உங்க பையன்தான்."

செங்கம்மாள் குழம்பை இறக்கிவைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். அவர்மேல் அவளுக்கு இரக்கமாகக்கூட இருந்திருக்கும். "சார், கோச்சுக்காதீங்க. நீங்க இம்மாந்தூரம் வந்துகீறீங்க. ஒரு ஒத்தாச பண்ணுங்க. எம் புள்ள ஸ்டோர்ல குர்மீத்து சிங்குன்னு ஒரு சர்தார் கீறாரு. எம் புள்ளைய தம் புள்ளையாட்டம் பாத்துக்கறாரு. அவர போன்ல புடிங்க. அவரு ஒரு வார்த்த சொல்லட்டும், நான் நம்பறேன்."

"எந்த ஸ்டோரும்மா?" என்றார் பரணிதரன். "ஜோஷ்வா மூணு வருஷமா பறக்கிறவராச்சே. சரக்கு விமானத்த குண்டு போட மாத்தியிருந்தாங்க. குண்டுல இருக்கிற பாதுகாப்பு ஊசிய உருவுற வேல அவரோடது. குர்மீத் சிங்னு அங்க யாரும்..." பேசிக்கொண்டே வந்தவர் ஜெனிஃபரின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? ஜெனிஃபர் அம்மாவின் எதிரில் போய் மண்டிபோட்டாள்.

"அம்மா, சர்தாருன்னு ஒருத்தர் இல்லம்மா."

"இன்னா?"

"நான்தாம்மா உண்டாக்கினேன். அண்ணன் ஸ்டோர வுட்டு மூணு வருசம் ஆவுது. ப்ளேன்லதாம்மா போய்கினு இருந்தான். நீ பயப்படுவேன்னு மாத்திப் படிக்கச் சொன்னான். நான் மாத்திப் படிச்சேன். எல்லா லெட்டரும்."

சாலமோன் வாசல்படியில் வந்து நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் இது புதுசு. ஏதோ சரக்கோடு போன இடத்தில் மாட்டிக்கொண்டான் என்றுதான் இதுவரை நினைத்திருந்தார். செங்கம்மாள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று ஜெனிஃபர் எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"நீயும் அவங்களோட சேந்துகினியா?" என்றாள் செங்கம்மாள்.

"அம்மா, சத்தியமா..."

"இவங்க சொல்லச் சொன்னாங்களா? அம்மாவ ஒத்துக்க வைன்னு?"

ஜெனிஃபர் ஓடிப்போய் டிரங்குப் பெட்டியிலிருந்து கடிதங்களை அள்ளிக்கொண்டு வந்தாள். கடைசியாக வந்ததை எடுத்து, உள்ளது உள்ளபடியே படித்தாள். "இங்கே குளிர் அதிகம். நேற்று இரண்டு முறை போய் வந்தோம். கையுறை போட்டால் ஊசி பிடிபடவில்லை. கழற்றினால் விரல் இரும்பில் ஒட்டிக்கொள்கிறது..."

"நிறுத்துடி."

நிறுத்தினாள்.

"மூணு வருசமா இதே மாரிதான் தாளப் பாத்துகினு படிச்சே. அப்ப அதுல இல்லாதத படிச்சேன்றே. இப்ப மட்டும் அதுல கீறததான் படிக்கறேன்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

பாஸ்டர் முன்னால் வந்து, "குடும்மா, நான் படிக்கிறேன்" என்று கையை நீட்டினார். செங்கம்மாள் கடிதங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீங்க காலையில இருந்து அது எம் புள்ளதான்னு ஜெபம் பண்ணிகினு கீறீங்க பாஸ்டர் ஐயா. உங்களுக்கு வேற இன்னா வரும்?" டவுன்ஷிப்பில் அவள் வேலை செய்கிற வீட்டம்மா பிரபாவதி வந்திருந்தாள். "செங்கம்மா, நான் படிக்கட்டுமா?" என்றாள். "வேணாம்மா. நீங்க தங்கமான மனசு. எம் மனசு நோவக் கூடாதுன்னு பாப்பீங்க."

மணி இரண்டு. வெயில் பந்தல் கீற்றின் வழியாகப் பெட்டி மேல் பொட்டுப் பொட்டாக விழுந்தது. பெட்டிக்குக் காவல் நின்ற இளம் பையன் ஒருவன் மயங்கி விழப் பார்த்தான். அவனுக்கு மோர் கொடுத்தார்கள். வந்தவர்கள் எல்லோருக்குமே அசந்துபோயிருந்தது. அழுது முடித்துவிட்டு, மறுபடி அழுவதற்கு ஒரு காரணம் வேண்டிக் காத்திருந்தார்கள்.

திடீரென்று செங்கம்மாள் எழுந்தாள். கடிதங்களை மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். 'வந்துட்டா, வந்துட்டா' என்று சனம் ஒதுங்கி வழிவிட்டது. அவள் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்தலைத் தாண்டி, தெருவைக் குறுக்கே கடந்து, எதிர்சாரியில் பாதி சாத்தியிருந்த ஒரு கதவின் முன்னால் போய் நின்றாள்.

அது சம்பூர்ணத்தின் வீடு.

காலனி முழுக்கச் சாவுக்கு வந்திருந்தது, வராதவள் சம்பூர்ணம் ஒருத்திதான். பால்வாடியில் ஆயா வேலை, எட்டாவது வரை படித்தவள், வாயைத் திறந்தால் ஊர் மூடிக்கொள்ளும். ஆறு வருஷம் முன்னால் ஒரு கோடையில், குழாயடி வரிசையில் தன் குடத்தைச் செங்கம்மாள் நகர்த்திவிட்டாள் என்று, அதே குடத்தால் அவளை அடித்தாள். புருவத்துக்கு மேல் மூன்று தையல். ஸ்டேஷன் வரைக்கும் போயிற்று. அதற்கு முன்னால் 'யக்கா யக்கா' என்று ஒட்டிக்கொண்டிருந்தவள்தான். அன்றையிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஜோஷ்வாவுக்கு வேலை கிடைத்தபோது, 'ஏரோப்ளேன பெருக்கறதுக்கு எடுத்துகீறாங்க' என்று தெரு கேட்கச் சொன்னவள். செங்கம்மாளுக்குக் காலில் முள் குத்தினால்கூட சம்பூர்ணம் வீட்டில் அன்றைக்குப் பாயசம் என்று சனம் கேலி பேசும்.

"சம்பூர்ணம்!" என்று கூப்பிட்டாள் செங்கம்மாள். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

கதவு திறந்தது. சம்பூர்ணம் இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"நீதான் படிக்கணும்" என்றாள் செங்கம்மாள். "எல்லாருக்கும் எம்மேல இரக்கம். இரக்கப்பட்டுகினு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. உனக்கு எம்மேல இரக்கம் கெடையாது. உள்ளத உள்ளபடி படிப்பே. எம் புள்ள ப்ளேன்ல போறான்னு அதுல கீதுன்னா, மூஞ்சிக்கு நேரா சொல்லு. உனக்கு சந்தோசமாத்தான இருக்கும்?"

கடைசிக் கடிதத்தை எடுத்து நீட்டினாள். பின்னாலேயே வந்த ஜெனிஃபர் வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே போக அவளுக்குத் தைரியம் வரவில்லை. படித்துவிடு, அத்தை, ஒரு வரி விடாமல் படித்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

சம்பூர்ணம் கடிதத்தை வாங்கினாள். வெளிச்சத்துக்காகக் கதவோரம் வந்து நின்றாள். "அன்புள்ள அப்பா, அம்மா, ஜெனி மூவருக்கும் ஜோஷ்வா எழுதிக்கொள்வது" என்று பால்வாடிக் குரலில், ஒவ்வொரு வார்த்தையாக, கணீரென்று தொடங்கினாள். அப்புறம் சத்தம் நின்றது. கண் மட்டும் வரி வரியாக இறங்கியது.

அதில் என்ன இருந்தது என்று ஜெனிஃபருக்கு மனப்பாடம். 'மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் வெள்ளை. கீழே யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை. ஊசியை உருவி, சிவப்பு நாடாவோடு பையில் போட்டுக்கொண்டு, திரும்பி வந்ததும் எண்ணி ஒப்படைப்பேன். ஏறும்போதெல்லாம் அம்மாவுக்கு அன்றைக்கு சர்ச்சில் சொன்னது ஞாபகம் வருகிறது. முன்னால் வராது, இப்போது வருகிறது. உடம்பெல்லாம் அசதி ஜெனி. சண்டை முடிந்ததும் ஒரு மாசம் லீவு போட்டு அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்க வேண்டும். நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன். அதுவரைக்கும் அம்மாவுக்கு எப்பவும்போல.'

"இன்னா, நின்னுட்டே? படி" என்றாள் செங்கம்மாள்.

சம்பூர்ணம் தலையை நிமிர்த்தினாள். எதிரில் நிற்கிறவளைப் பார்த்தாள். அந்தப் புருவத்தைப் பார்த்தாளோ என்னவோ, சட்டென்று மறுபடி தாளுக்குள் குனிந்துகொண்டாள்.

"ஸ்டோர்ல..." என்றாள்.

ஜெனிஃபர் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஸ்டோர்ல அரிசி மூட்ட நெறைய வந்துகினு கீதாம்" என்று படித்தாள் சம்பூர்ணம். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "சர்தாரு... சர்தாரு சொகமா கீறாராம். உன்ன கேட்டாராம். பூனைக்கு..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் கொட்டுவதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, யார்மேலோ ஆத்திரப்பட்டவள் மாதிரி, "எழுத்து கோழி கெளர்ன மாரி கீது. படிக்க முடியல" என்றாள்.

செங்கம்மாள் அவள் கையிலிருந்த தாளைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து யார் அழுதபோதும் அசையாத முகம் இப்போது மெல்ல மெல்லக் கோணியது.

"நீ இன்னாத்துக்குடி எனக்காவ பொய் சொல்றே?" என்றாள்.

சம்பூர்ணம் தாளை நாலாக மடித்தாள்.

"ஆறு வருசம் எங்கிட்ட ஒரு நல்ல வார்த்த பேசாதவ. நீ எதுக்குடி அழுவறே?" செங்கம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "நீயே எனக்காவ அழுவறேன்னா... அப்ப நெசமாவே போயிட்டானாடி? எம் புள்ள செத்துட்டானாடி?"

"யக்கா" என்று அவளைத் தாங்கிப் பிடித்தாள் சம்பூர்ணம்.

அப்போது செங்கம்மாள் போட்ட சத்தம் இருக்கிறதே, அது ரோட்டில் நின்ற லாரி வரைக்கும் கேட்டது. பத்து நாளாகச் சேர்ந்து கிடந்ததெல்லாம் ஒன்றாக வந்தது. சாலமோன் பந்தலுக்குள் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார். பரணிதரன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். வந்திருந்த சனம் அத்தனையும் அவளோடு சேர்ந்து அழுதது.

மூன்றே கால் மணிக்குச் சம்பூர்ணம்தான் அவளைக் கைத்தாங்கலாகத் தெருவைத் தாண்டிக் கூட்டிவந்தாள். செங்கம்மாள் பெட்டியின் முன்னால் நின்றாள். கொடியை ஒரு ஓரமாக விலக்கி, மரத்தின் மேல் கையை வைத்தாள். தடவினாள். அப்புறம் பரணிதரனைப் பார்த்து, "வுழும்போது தனியா இருந்தானா சார்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. ஆறு பேரும் ஒண்ணாத்தான் இருந்தாங்க."

"சரி" என்று தலையை ஆட்டினாள். அந்த வார்த்தையையும் சொன்னாள். எட்டுப் பேரும் குனிந்து பெட்டியைத் தோளுக்குத் தூக்கினார்கள்.

ஜெனிஃபர் ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். செங்கம்மாள் உதறவில்லை, திட்டவில்லை. யாரோ தெரியாதவர் பிடித்த கையை விடுவித்துக்கொள்கிற மாதிரி, மெதுவாக விரலை உருவிக்கொண்டாள். சம்பூர்ணத்தின் தோளைப் பற்றிக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினாள்.

"இன்னும் எத்தினி லெட்டர் கீது?" என்று மடியைத் தொட்டுக் காட்டி அவளிடம் கேட்பது ஜெனிஃபர் காதில் விழுந்தது.

"நெறைய கீது யக்கா."

"நாளையில இருந்து தினம் ஒண்ணு படி. உள்ளத படி. நான் தாங்கிக்கறேன்."

ஜெனிஃபர் அப்பாவோடு பின்னால் நடந்தாள்.